ஓர் அங்குலத்தின் வரலாறு

1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்ட் நிறுவனம் முஸ்டாங் காரை அறிமுகம் செய்தது. விலை 2,368 டாலர். நீண்ட முகப்பும் குறுகிய பின்புறமும் கண்ட அமெரிக்க இளைஞர்கள் மொய்த்தனர். எனினும் அந்த எழிலுக்கு அடியில் இருந்தது ஃபால்கன் என்ற சிக்கனமான குடும்பக் காரின் எலும்புக்கூடே. வளைவுகளில் அது தன் பிறப்பைக் காட்டிக்கொடுத்தது.

அதைப் பந்தயத்திற்கு உரியதாக்கும் பொறுப்பு காரல் ஷெல்பியிடம் வந்தது. 1959இல் லெ மான்ஸ் பந்தயத்தை வென்றவர். மறு ஆண்டே இதயநோயால் பந்தயத்தைத் துறந்து, கார்களை உருவாக்குபவராக மாறியவர். ஸ்போர்ட்ஸ் கார் எனில் இரண்டே இருக்கைகள், குறைந்தது நூறு வண்டிகள் என்பது அன்றைய அமெரிக்கப் பந்தய விதி. எனவே பின்னிருக்கை அகற்றப்பட்டு அவ்விடத்தில் உபரிச் சக்கரம் அமர்ந்தது. இவ்வாறு பிறந்ததுதான் 1965ஆம் ஆண்டின் ஜிடி350.

எஞ்சினின் திறன் 271இலிருந்து 306 குதிரைத்திறனாக உயர்ந்தது உண்மை. ஆயினும் அதன் வெற்றி வேறிடத்தில் இருந்தது என்பதே என் எண்ணம். 15 அங்குலச் சக்கரங்கள், கோனி ஷாக் அப்சார்பர்கள், தடித்த முன்புறக் குறுக்குத்தண்டு, பின்சக்கரங்களுக்கு முன்பாகவே பக்கவாட்டில் வெளியேறும் புகைக்குழாய்கள் எனப் பல மாற்றங்கள். அவற்றுள் நுட்பமானது, முன்சக்கரத்தைத் தாங்கும் மேற்கையின் பிணைப்பை ஓர் அங்குலம் கீழிறக்கியது. வளைவில் வண்டியின் உடல் வெளிப்புறம் சாயும்போது டயரும் உடன்சாய்ந்து, சாலையைத் தன் விளிம்பால் மட்டுமே பற்றும். பிணைப்பு தாழ்ந்ததும், உடல் சாயச் சாயச் சக்கரம் உள்நோக்கித் திரும்பி, டயர் தட்டையாக ஊன்றி நின்றது.

இந்தக் கணக்கைப் போட்டவர் ஃபோர்டிலேயே பணியாற்றிய கிளாஸ் ஆர்னிங் என்ற பொறியாளர். அறிவு நிறுவனத்திற்குள்ளேயே இருந்தது. அதற்கு இடமளிக்க வெளியிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது.

1965 பிப்ரவரியில் டெக்ஸாஸ் கிரீன் வேலி களத்தில் கென் மைல்ஸ் ஓட்டிய ஜிடி350 தன் முதல் பந்தயத்திலேயே வென்றது. தொடர்ந்து 1965, 1966, 1967 ஆகிய மூன்று ஆண்டுகளும் அதன் பிரிவில் தேசியப் பட்டம் அதற்கே கிடைத்தது.

கடையில் வாங்கியவர்களோ முகம் சுளித்தனர். 4,547 டாலர் கொடுத்தவருக்குக் கிடைத்தது முதுகைக் குலுக்கும் பயணமும் காதைத் துளைக்கும் இரைச்சலும். முதலாண்டில் உருவானவை 562 மட்டுமே. 1966இல் பின்னிருக்கை விரும்பினால் கிடைத்தது. புகைக்குழாய் வண்டியின் பின்கோடிக்குப் போய் அடங்கியது. தொடக்கத்தில் வந்த சுமார் 250 வண்டிகளுக்குப் பிறகு அந்த ஓர் அங்குலமும் கைவிடப்பட்டது. செலவும் உழைப்பும் மிச்சமாயின. வாடகைக்கு விட ஹெர்ட்ஸ் நிறுவனம் ஏறத்தாழ ஆயிரம் வண்டிகளை எடுத்துக்கொண்டது. விற்பனை நான்கு மடங்கைத் தாண்டியது.

இதை வீழ்ச்சி என்று சொல்லிவிட மனம் ஒப்பவில்லை. சாலையில் செல்பவருக்குச் சௌகரியமும் ஒரு நியாயமான தேவையே. ஆனால், ஒரு பொருள் பலருக்கும் உகந்ததாக மாறும்போது முதலில் உதிர்வது கண்ணுக்குத் தெரியாத உறுப்புதான். வெள்ளை உடலில் ஓடிய நீலப் பட்டை நிலைத்தது. வண்டியைச் சாலையில் ஊன்றி நிறுத்திய பிணைப்பு போய்விட்டது.

இன்றும் பழைய முஸ்டாங் வைத்திருப்போர் பட்டறையில் அளவெடுத்து, ஓர் அங்குலம் கீழே புதிய துளைகள் இட்டு அந்த மாற்றத்தைச் செய்துகொள்கிறார்கள். பரவலாக அதற்கு வழங்கும் பெயர் ஷெல்பியுடையது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. முதல் வளைவில் ஓட்டுபவருக்குத் தெரிந்துவிடும்.