காம்பார்ப் பாதைக்குக் கட்டிய வண்டிகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கிந்தா பள்ளத்தாக்கில் வண்டி வேண்டியவர், போகும் பாதையையும் ஏற்றும் சுமையையும் ஆசாரியிடம் சொல்லிக் கட்டிக்கொண்ட காலம் ஒன்று உண்டு. ஈயமணல் ஏற்ற ஒரு வகை, விறகுக்கு ஒரு வகை, ஆள் படுத்துறங்கிப் போகக் கூண்டு வைத்த ஒரு வகை என்று தேவைக்கேற்ப வண்டி மாறியது. மாட்டுவண்டிக்குப் பிறகு லோரி வந்தது, லோரிக்குப் பிறகு நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகள் வந்தன. கரடுமுரடான பாதைக்கென்று தனியாக வண்டி கட்டும் வழக்கம் மட்டும் ஒவ்வொரு கட்டத்திலும் தொடர்ந்தது.

நிலமும் பாதையும்

காம்பார், ஈப்போவுக்குத் தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில், புஜாங் மலாக்கா மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். மேற்கே ஆற்று வண்டல் படிந்த தாழ்நிலம். ஈயம் கிடைத்தது இந்த வண்டலில்தான். மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் மழைக்காலத்தில் கரை புரளும். வெட்டிய பாதை ஓர் இரவில் சேறாகும். வறண்ட மண்ணில் ஓடிப் பழகிய வண்டியை இங்கே அப்படியே கொண்டுவந்து ஓட்ட முடியாது.

பேராக்கில் ஈயம் முதலில் செழித்தது வடக்கே லாருட்டில், 1840களில். பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்கு வழி திறந்த 1874ஆம் ஆண்டின் பங்கோர் ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் ஆட்சியாளர்கள் சாலை, ரயில் வேலைகளைத் தொடங்கினார்கள். நாட்டின் முதல் ரயில் பாதை 1885 ஜூன் 1 அன்று தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. அதே 1880களில் கிந்தாவில் ஈய வேட்டை சூடுபிடித்தது. பத்தாண்டு முடிவதற்குள் கிந்தா லாருட்டை முந்தியது. காம்பார் நகரம் உருவானது இந்த அலையில்தான். சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் திரண்டார்கள். பிரெஞ்சு நிறுவனமான சொசியேத்தே தெ எத்தேன் தெ கிந்தாவும் இந்த வட்டாரத்தில் ஈயம் எடுத்தது.

சாலை வருவதற்கு முன் ஈயத்தைச் சுமந்தவை யானைகளும் படகுகளும். சுரங்கத்திலிருந்து ஆற்றங்கரை வரை யானை. அங்கிருந்து கிந்தா ஆறு வழியாகவும் பேராக் ஆறு வழியாகவும் தெலுக் ஆன்சன் வரை படகு. இன்று தெலுக் இந்தான் என்று வழங்கும் அந்தத் துறைமுகத்தில் கப்பலேறும். யானை சேற்றுக்கு அஞ்சாது, ஆனால் தீனி அதிகம், எண்ணிக்கை குறைவு. செம்மண்ணும் சரளையும் கொட்டிய பாதைகள் நீள நீள, மாட்டுவண்டிக்கு இடம் கிடைத்தது.

வண்டிக்காரர்கள்

சாலை போட்டவர்களிலும், தண்டவாளம் பதித்தவர்களிலும், வண்டி ஓட்டியவர்களிலும் தமிழர்கள் பெருந்தொகையாக இருந்தார்கள். மலாயா முழுவதும் மாட்டுவண்டித் தொழிலில் தென்னிந்தியர் கை ஓங்கியிருந்தது. சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பக்கம் மாட்டுப் பட்டிகளையும் மாட்டு வணிகத்தையும் வளர்த்தவர்களும் இவர்களே. இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த மாடுகள் பெருகிக் கலந்து, மலேசியாவில் இன்றும் தனி வகையாகக் கணக்கிடப்படும் உள்ளூர் இந்தியக் கறவை மாட்டினம் உருவாயிற்று. உள்நாட்டுக் கெடா–கிளந்தான் மாட்டைவிட அது உருவில் பெரியது.

1893இல் தெலுக் ஆன்சனிலிருந்து தாப்பா ரோடு வரைக்கும், 1895இல் ஈப்போ வரைக்கும் ரயில் ஓடத் தொடங்கியதும் நெடுந்தூரச் சுமை ரயிலுக்குப் போனது. வண்டித் தொழில் அதனால் அழிந்துவிடவில்லை, அதன் தூரம்தான் சுருங்கியது. சுரங்கத்திலிருந்து நிலையத்துக்கு ஈயமணல், காட்டிலிருந்து சுரங்கத்து நீராவி இயந்திரத்துக்கு விறகு, நிலையத்திலிருந்து கடைத்தெருவுக்கு அரிசி மூட்டை என்று குறுந்தூர வேலை பெருகியது. ஈயத்தின் கணக்கு பிக்குலில்: ஒரு பிக்குல் 100 கட்டி, அதாவது ஏறக்குறைய 60 கிலோ. நல்ல சாலையில் ஒரு ஜோடி மாடு அரை டன்னிலிருந்து ஒரு டன் வரை இழுக்கும். சேற்றில் அதில் பாதிகூட நகராது. ஆகவே வண்டி எவ்வளவு தாங்கும் என்பதைவிட, வழியில் உள்ள மிக மோசமான பத்தடியை மாடு எவ்வளவு சுமையோடு கடக்கும் என்பதுதான் வண்டிக்காரரின் கணக்கு.

சக்கரம் கட்டுதல்

இரட்டை மாட்டு வண்டியின் உயிர் அதன் சக்கரம். நடுவே குடம், குடத்திலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள், ஆரக்கால்களைச் சுற்றி வளைத்த வட்டைத் துண்டுகள், அவற்றின் மேல் இரும்புப் பட்டை. தமிழ்நாட்டு வண்டிச் சக்கரம் பெரும்பாலும் ஐந்தடி விட்டம் இருக்கும். சக்கரம் பெரிதாக இருந்தால் பள்ளத்தில் விழாமல் மேலேறிக் கடக்கும்; அச்சும் தரையிலிருந்து உயர்ந்து நிற்பதால் சேற்றில் தட்டாது. பட்டை அகலமானால் மெத்தென்ற மண்ணில் புதைவது குறையும், ஆனால் எடை கூடும்.

பட்டை ஏற்றுவதுதான் வேலையின் உச்சம். சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றே சிறியதாகப் பட்டையை வளைத்துப் பற்றவைப்பார்கள். அதைத் தரையில் கிடத்தி, சுற்றிலும் விறகும் வறட்டியும் அடுக்கித் தீ மூட்டுவார்கள். இரும்பு சிவந்து விரிந்ததும் இரண்டு மூன்று பேர் குறடால் தூக்கி வந்து, மரச்சக்கரத்தின் மேல் பொருத்திச் சுத்தியலால் தட்டி இறக்குவார்கள். மரம் புகைந்து பற்றத் தொடங்கும். அந்தக் கணமே தண்ணீரை ஊற்ற வேண்டும். இரும்பு சுருங்கும்போது ஆரக்கால்கள் குடத்துக்குள் முறுகி இறுகும் சத்தம் கேட்கும். தண்ணீர் பிந்தினால் வட்டை கருகும். பட்டை அளவு தவறினால் சக்கரம் கோணும், அல்லது ஒரே மாதத்தில் பட்டை கழன்றுவிடும்.

அச்சின் முனையில் சக்கரம் கழலாமல் காப்பது கடையாணி. குடத்துக்கும் அச்சுக்கும் இடையே உராய்வைத் தணிக்க வண்டி மை பூசுவார்கள். வைக்கோலைச் சுட்ட கரியை எண்ணெயில் குழைத்துச் செய்த அந்த மை, மூங்கில் குழாயில் அடைபட்டு வண்டிக்கடியில் தொங்கும். மாட்டுக்கும் ஆயத்தம் உண்டு: மாட்டின் குளம்பு பிளவுபட்டது என்பதால் காலுக்கு இரண்டாக எட்டு லாடம் அடிக்க வேண்டும். சரளைச் சாலையில் லாடமில்லாத மாடு சில நாளிலேயே நொண்டும்.

இரண்டு சக்கர வண்டியில் பாரத்தை வைக்கும் இடம் பாரத்தின் அளவுக்குச் சமமான முக்கியம். முன்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிஞ்சினால் ஏர்க்கால் மேலெழும்பிப் பூட்டுக்கயிறு தொண்டையை இறுக்கும். மேட்டில் ஏறும்போது வண்டிக்காரர் முன்னால் நகர்ந்து உட்கார்வதும், இறக்கத்தில் பின்னால் சாய்வதும் இதனால்தான்.

கூண்டு

ஆள் போகும் வண்டிக்கு மூங்கில் வளைவுகள் வைத்துப் பாய் போர்த்திய கூண்டு கட்டுவது தமிழ்நாட்டு வழக்கம். மலாயாவின் மழைக்கு அத்தாப்பு ஓலை வேய்ந்த கூரையும் பயன்பட்டது. அடியில் வைக்கோல் பரப்பி அதன் மேல் பாய் விரித்தால் படுக்கை. அதே வைக்கோல் மாட்டுக்குத் தீனியும் ஆகும். அரிசி, சட்டி, குடிதண்ணீர் ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்கி, அரிக்கன் விளக்கை அச்சுக்குக் கீழே தொங்கவிடுவார்கள். மணிக்கு நான்கு கிலோமீட்டர் நடக்கும் மாட்டுக்குக் காம்பாரிலிருந்து ஈப்போ ஏறக்குறைய இரண்டு நாள் பயணம். வண்டியே இரவுத் தங்கல்.

இதே காலத்தில் ஐரோப்பாவில் உல்லாசப் பயணத்துக்கு வீட்டு வண்டி கட்டும் வழக்கம் முளைத்தது. இங்கிலாந்தில் வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவர் 1885இல் பிரிஸ்டல் வண்டித் தொழிற்சாலையில் ‘வாண்டரர்’ என்ற குதிரை வண்டியைச் சொல்லிச் செய்தார். உல்லாசத்துக்கென்று கட்டிய முதல் காரவான் அதுவே என்று பலர் கருதுகிறார்கள். ஏறக்குறைய இரண்டு டன் எடையுள்ள அது நல்ல சாலையை நம்பிக் கட்டியது. கிந்தாவின் கூண்டு வண்டியோ, சாலை முடிந்த இடத்துக்கு அப்பாலும் போக வேண்டியிருந்தது.

தோட்டப் பாதைகள்

1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளின் வழிவந்த மரங்கள், 1909–10 விலையேற்றத்துக்குப் பிறகு பேராக்கின் மேட்டுநிலங்களை நிறைத்தன. கங்காணிகள் மூலம் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து தொழிலாளர்கள் வந்து லயங்களில் குடியேறினார்கள். பால்மரக் காட்டுக்குள் இருந்தவை செம்மண் தடங்கள். வெட்டிய பாலைக் காண்டாவாளியில் தோளில் சுமந்து நிறுவைக் கொட்டகைக்குக் கொண்டுவந்த பிறகு, பால் பதப்படுத்தும் ஸ்டோருக்கு எடுத்துச் செல்ல மாட்டுவண்டி பயன்பட்டது. இந்த வண்டிக்குக் கூண்டு தேவையில்லை. பால் தளும்பாத தாழ்வான தொட்டியும், இரண்டு மர வரிசைக்கு நடுவே திரும்பும் குறுகிய உடலும்தான் தேவை. நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவும், பிரசவத்துக்கும், திருவிழாவுக்கும் வேறு வண்டி பூட்டினார்கள்.

லோரியும் இரும்புத் தகடும்

1910களுக்குப் பிறகு மோட்டார் லோரி மெல்ல மெல்ல மாட்டின் இடத்தைப் பிடித்தது. கட்டும் வழக்கம் அதனோடு சேர்ந்து மாறியது. சக்கரமும் இயந்திரமும் வெளிநாட்டிலிருந்து சட்டமாக வந்தன. மேலே மரத்தால் உடல் கட்டியவை உள்ளூர்ப் பட்டறைகள். தமிழ்நாட்டில் இன்றும் கரூர் இந்தத் தொழிலுக்குப் பெயர்போன ஊர். பேருந்துக்கு ‘கூண்டு கட்டுவது’ என்ற பேச்சு அங்கே அன்றாட வழக்கு.

இரண்டாம் உலகப் போர் இந்த முன்னேற்றத்தைப் பின்னோக்கித் தள்ளியது. 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை காம்பாரின் மலைச்சரிவுகளில் பிரிட்டிஷ், இந்தியப் படையினர் ஜப்பானியரைத் தடுத்து நின்றார்கள். மலாயாவில் ஜப்பானியக் காலாட்படை விரைவாக முன்னேறியதற்கு ஒரு காரணம் சைக்கிள். ரப்பர்த் தோட்டத் தடங்களில் அது தடையின்றி ஓடியது. ஆக்கிரமிப்பு ஆண்டுகளில் பெட்ரோல் கிடைப்பது அரிதானதால் மாட்டின் மதிப்பு மீண்டும் உயர்ந்தது.

1948 ஜூன் 16 அன்று பேராக்கின் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் கொல்லப்பட்டதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பாதைக்குக் கட்டிய வண்டி அப்போது தோட்டாவுக்கும் கட்ட வேண்டியதாயிற்று. தோட்டத் துரைமார் தங்கள் கார்களுக்கும் ஜீப்புகளுக்கும் இரும்புத் தகடு அடித்தார்கள். தகடு கூடக் கூட வில் தாழ்ந்தது, டயர் சேற்றில் புதைந்தது. பழைய வண்டிக்காரரின் எடைக் கணக்கு மறுபடியும் குறுக்கே வந்தது. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லாண்ட் ரோவர், அடுத்த ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலும் பரவியது. அலுமினிய உடல், உயர்ந்த அடிவயிறு, நான்கு சக்கர இழுவை ஆகியவை செம்மண் தடத்துக்குப் பொருந்தின. 1955–56இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இரண்டு லாண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வரை வந்து சேர்ந்தபோது, பயணத்துக்கென்று வண்டியை மாற்றிக் கட்டும் வழக்கம் பரவலாகப் பேசப்பட்டது.

1985 அக்டோபரில் ஈய விலை சரிந்து கிந்தாவின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. ரப்பர் நின்ற மண்ணில் செம்பனை வந்தது. பழக்குலையை வெளியே இழுக்க எருமை வண்டி சில தோட்டங்களில் அதன் பிறகும் ஓடியது. மலாக்காவில் கூரை வளைந்த மாட்டுவண்டி இன்று சுற்றுலாச் சின்னம். காம்பாரில் ஈயச் சுரங்க வரலாற்றுக்கு ஓர் அருங்காட்சியகம் உள்ளது.

இன்றைய தேர்வு

இன்று கரடுமுரடான பாதைக்கென்று சொல்லிச் செய்யும் காரவான்களின் பெரிய சந்தை ஆஸ்திரேலியா. அங்கே வாங்குபவர் கேட்கும் கேள்விகள் கிந்தாவின் வண்டிக்காரர் ஆசாரியிடம் கேட்டவையே. அச்சு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது முதல் கேள்வி. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது மறு சக்கரம் தனியாக ஏறி இறங்குமா என்பது அடுத்தது. தனித்தனிச் சக்கர வில் அதற்குத்தான். இழுக்கும் வண்டி சாயும்போது பின்னால் வருவதைப் புரட்டாத சுழல் கொக்கி, நுகத்தடியின் வேலையைச் செய்கிறது. தண்ணீர்த் தொட்டியை அச்சுக்கு நேர்மேலே அமைப்பது, முன்பாரம் பின்பாரம் என்ற பழைய கணக்கேதான். துருவைத் தடுக்கத் துத்தநாகம் பூசிய சட்டம், தூசி புகாத கதவு, சூரியத் தகடு ஆகியவை புதியவை.

கூரையும் அடுப்பும் கட்டிலும் கண்ணைக் கவரும். வண்டியை வழியில் நிறுத்துவது பெரும்பாலும் சக்கரமும் எடையும்தான். ஆகவே கட்டச் சொல்பவர் முதலில் தான் போகப்போகும் பாதையை முடிவு செய்ய வேண்டும்; அடுத்து முழுச் சுமையோடு வரும் எடையையும், அதை இழுக்கும் வண்டியின் வலிமையையும் சரிபார்க்க வேண்டும்; சக்கரமும் வில்லும் அச்சும் உள்ளூர்ப் பட்டறையில் பழுது பார்க்கக் கூடியவையா என்று கேட்க வேண்டும். உள்ளே என்ன வைப்பது என்ற யோசனை அதற்குப் பிறகு வரட்டும்.