அறம் வளர்த்த முன்னோரும் நமது அறநிதியும்



கடந்த ஆண்டு நமது பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், பள்ளி அறநிதியில் மிஞ்சிய பணத்தை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. "ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தகமும் சப்பாத்தும் வாங்குவோம், கொஞ்சத்தை லயத்து ஆடுமாடுகளின் வைத்தியத்துக்கென்று ஒதுக்கி வைப்போம்" என்று நான் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு தகப்பனார் எழுந்தார். "ஏன் வாத்தியாரே, பிள்ளைங்க காலுக்கே சப்பாத்து இல்ல. இதுல மாட்டுக்கு மருந்தா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. சிரித்து மழுப்பக்கூடாத கேள்வி. அன்று சொல்லாமல் விட்ட பதிலை, நம் முன்னோர் சரித்திரத்திலிருந்து எடுத்து இம்மலரில் எழுதுகிறேன்.

முப்பத்திரண்டு அறங்கள்

நம் பாட்டிமார் 'முப்பத்திரண்டு அறம்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். காஞ்சியிலே காமாட்சி அம்மை இருநாழி நெல்லை முதலாக வைத்து 32 அறங்களையும் வளர்த்தாள் என்பது ஐதீகம். அந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். நோயாளிகளுக்குச் சாலை, படிப்பவர்களுக்குச் சோறு, அநாதைக் குழந்தைகளை வளர்த்தல், தண்ணீர்ப்பந்தல், கண்ணுக்கு மருந்து என்று மனிதருக்கானவை வரிசையாக வரும். அவற்றோடு அதே வரிசையில் பசுவுக்கு வாயுறை, அதாவது ஒரு பிடி புல், வரும். மாடு உடம்பை உரசிக்கொள்ள நட்டு வைக்கும் ஆவுரிஞ்சுதறி வரும். விலங்கிற்கு உணவு, ஏறுவிடுத்தல், விலை கொடுத்து உயிர் காத்தல் ஆகியவையும் வரும்.

மனிதருக்கு ஒரு பட்டியல், வாயில்லாச் சீவனுக்கு வேறொரு பட்டியல் என்று நம் முன்னோர் பிரித்து எழுதவில்லை. இரண்டும் ஒரே ஏட்டில்தான் இருக்கின்றன.

இது தமிழர் மட்டும் கண்ட வழியல்ல. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகச் சக்கரவர்த்தி தமது இரண்டாம் பாறைக் கல்வெட்டில், மனிதருக்கு ஒன்று, கால்நடைக்கு ஒன்று என இருவகை மருத்துவத்துக்கும் ஏற்பாடு செய்ததாகப் பொறித்திருக்கிறார். தமது நாட்டில் மட்டுமன்றி, எல்லைக்கு அப்பாலிருந்த சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் நாடுகளிலும் செய்ததாக அக்கல்வெட்டு கூறுகிறது. மூலிகை இல்லாத இடங்களுக்கு மூலிகை கொண்டுபோய் நடப்பட்டது. வழியோரம் கிணறு வெட்டி மரம் வைத்தார்கள். அதுவும் மனிதருக்கும் விலங்குக்கும் சேர்த்தே.

சாகாத ஆடுகள்

மயிலுக்குப் போர்வை தந்த பேகனையும், முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்கள். உயர்ந்த உள்ளங்கள்தாம். ஆனால் போர்வை நாளடைவில் கிழிந்துவிடும். இன்று கொடுத்தது நாளைக்கும், பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் நிற்க வேண்டுமானால் என்ன வழி? அதைச் சோழர் காலத்து மக்கள் கண்டுபிடித்திருந்தார்கள்.

கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய வேண்டும் என்று ஒருவர் விரும்பினால், நெய்யை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகமாட்டார். 96 ஆடுகளைக் கொடுப்பார். 1010-ஆம் ஆண்டில் இராசராச சோழன் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலில், ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று கணக்கு இருந்தது. அவற்றை இடையர்களிடம் ஒப்படைப்பார்கள். இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். மிஞ்சுகிற பாலும் மோரும் அவருக்கு. கிழட்டு ஆடு செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வரும். மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையக்கூடாது. இதனால்தான் கல்வெட்டுகள் இதனைச் 'சாவா மூவாப் பேராடு' என்று அழைக்கின்றன. அதாவது சாகாத, மூப்படையாத ஆடுகள்!

அது விளக்குக்காகச் செய்த ஏற்பாடுதான். நாம் கற்க வேண்டியது அதிலுள்ள முறையை. முதலைத் தொடாதே, விளைவை எடுத்துச் செலவு செய். கொடுத்தவர் பெயர், பொறுப்பேற்றவர் பெயர், தர வேண்டிய அளவு எல்லாவற்றையும் கல்லிலே வெட்டி ஊரறிய வை. இந்த மூன்றும் இருந்ததால்தான் அது அறக்கட்டளை ஆயிற்று. இல்லையென்றால் வெறும் வசூல்தான்.

இதே முறையில்தான் ஆஸ்பத்திரியும் நடந்தது. பாலாற்றங்கரையில் திருமுக்கூடல் என்னும் ஊரில், 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை. அதற்கு ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், மருந்து சேகரிக்க இருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர். பக்கத்திலேயே பள்ளியும் மாணவர் விடுதியும் இருந்தன. எல்லாவற்றுக்கும் ஓர் ஊரின் வருவாய் ஒதுக்கப்பட்டது. கல்வெட்டில் அரசன் பெயர் இருக்கிறது. ஆனால் அந்த வருவாயை விளைவித்தது உழவனின் வியர்வை. இதை மறக்கக்கூடாது.

பின்னாளில் 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் நடத்திய சத்திரங்களில், இராமேசுவர யாத்திரிகர்களுக்குச் சோறும் மருந்தும், பிள்ளைகளுக்குப் படிப்பும் கிடைத்தன. அவருடைய தன்வந்திரி மகாலில் மனிதருக்கும் கால்நடைக்கும் மருந்து தயாரானது.

மலாயா மண்ணில்

பால்மரம் வெட்ட வந்த நம் பாட்டன்மாருக்கு மந்தையும் இல்லை, மானிய நிலமும் இல்லை. இருந்தாலும் அறத்தை விடவில்லை. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் குரல் கொடுத்தார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதி திரண்டது. ஆளுக்கு ஒரு வெள்ளி! கொடுத்தவர்களில் தோட்டப் பாட்டாளிகளும் உண்டு. 1956-இல் இந்திய இயல் துறை தொடங்கியது. அந்த வெள்ளிகள் பல்கலைக்கழக நூல்நிலையத்தில் தமிழ்ப் புத்தகங்களாக அடுக்கப்பட்டன. காசு செலவழிந்துவிட்டது; ஆனால் புத்தகம் நின்றது. அதுவும் ஒரு சாவா மூவா முதல்தான்.

அதே காலத்தில் சுவாமி சத்தியானந்தா அவர்கள் கோலாலம்பூரில் தோற்றுவித்த சுத்த சமாஜம் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்தது. 1958-இல் சிலாங்கூரில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் ஏற்பட்டது. இரண்டையும் பொதுமக்களின் நன்கொடைதான் தாங்கியது.

என் ஆயாவின் மாடு

இனி, அந்தத் தகப்பனாருக்கு என் சொந்தப் பதில். எனக்குப் பத்து வயதிருக்கும். எங்கள் லயத்தில் என் ஆயா ஒரு மாடு வளர்த்தார். அந்தப் பாலை விற்ற காசில்தான் எனக்குப் பள்ளிச் சட்டையும் சப்பாத்தும் வந்தன. ஒருநாள் இரவு கன்று போட முடியாமல் மாடு துடித்தது. டவுனிலிருந்து மாட்டு டாக்டரைக் கூட்டிவரப் பணம் வேண்டும். சம்பளத்துக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. அப்பா வீடு வீடாகப் போய்க் கேட்டார். யாரும் இல்லையென்று சொல்லவில்லை. இரண்டு வெள்ளி, மூன்று வெள்ளி கொடுத்தார்கள். பணம் சேர்ந்தபோது பொழுது விடிந்துவிட்டது. மாடு இல்லை. அடுத்த ஆண்டு நான் அண்ணனின் பழைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

அன்று எங்கள் லயத்தில் இரக்கத்துக்குக் குறைவில்லை. முன்கூட்டியே வைத்த முதல்தான் இல்லை. மாட்டுக்கு மருந்தா, பிள்ளைக்குச் சப்பாத்தா என்று கேட்டால், எங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன, ஐயா.

காப்பவர் பாதம்

இன்னொரு கசப்பையும் சொல்ல வேண்டும். முன்பு நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் வசூல் செய்தார்கள். கணக்கு கேட்டபோது மழுப்பினார்கள். மறு ஆண்டு டின்னைக் குலுக்கினால் காசு சத்தமே கேட்கவில்லை. சனங்களுக்கு மனம் சுருங்கவில்லை; நம்பிக்கைதான் போய்விட்டது.

ஆகவே நமது அறநிதிக்கு நான் கேட்பது மூன்றுதான். முதலை வங்கியில் போட்டுத் தொடாமல் வைப்போம். வட்டி குறைச்சல்தான், ஆதலால் ஆண்டுதோறும் சேர்வதில் பாதியை முதலோடு சேர்த்து, மறுபாதியை மட்டும் பிள்ளைகளுக்கும் கால்நடைக்கும் செலவிடுவோம். ஒவ்வொரு காசின் கணக்கையும் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். நமக்குக் கல்வெட்டு அதுதான்.

சோழர் காலத்துக் கல்வெட்டுகளின் முடிவில், இந்த அறத்தைக் காப்பவர் பாதம் என் தலைமேல் என்று கொடுத்தவரே பணிந்து சொல்வது வழக்கம். கொடுப்பவரைவிடக் காப்பவர் பெரியவர் என்று நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். அடுத்த கூட்டத்தில் அந்தத் தகப்பனாரே இந்த நிதியின் கணக்கைப் பார்க்க முன்வர வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். கேள்வி கேட்கத் தெரிந்தவர்தான் அதற்குப் பொருத்தமானவர்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!