உடன்தொழிலாளியும் சட்டமும்: ஒரு வரலாற்று நோக்கு

கட்டட வேலைத்தளத்தில் ஒருவன் கட்டிய சாரக்கட்டின் மீதே மற்றொருவன் நின்று வேலை செய்கின்றான். ஒருவன் கைநழுவவிட்ட கல் கீழே நிற்பவன் தலையில் வீழ்கின்றது. ஆதலின், உடன்தொழிலாளியின் கவனக்குறைவாலோ கோபத்தாலோ நேரும் காயத்துக்குப் பொறுப்பாளி யார் என்னும் வினா அத்தொழிலோடு ஒட்டிப் பிறந்ததாகும். ஆங்கிலச் சட்டம் இதற்கு அளித்த விடை நெடுங்காலம் தொழிலாளிக்குப் பாதகமாகவே இருந்தது.

1837ஆம் ஆண்டில் பிரீஸ்ற்லி எதிர் பவுலர் வழக்கிலிருந்து வளர்ந்த ‘பொது ஊழியக் கோட்பாடு’, ஒரு தொழிலாளியின் தவறால் இன்னொரு தொழிலாளி காயமுற்றால் முதலாளி பொறுப்பாளியாகார் என்றது. 1842இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் நீதிமன்றம் இதற்கு நியாயமும் கற்பித்தது: ஆபத்தை அறிந்தே தொழிலாளி வேலையை ஏற்கின்றான்; அதற்குரிய ஈடு அவனது கூலியிலேயே அடங்கியுள்ளது. இக்கோட்பாட்டின் கொடுமையை 1850ஆம் ஆண்டின் விக்மோர் எதிர் ஜே வழக்கிற் காணலாம். மேற்பார்வையாளர் பழுதுற்ற மரத்தைப் பயன்படுத்தியமையாற் சாரக்கட்டு சரிந்து மேசன் ஒருவர் மாண்டார். மேற்பார்வையாளரும் உடன்தொழிலாளியே எனக் கொண்ட நீதிமன்றம் முதலாளியை விடுவித்தது.

1897ஆம் ஆண்டின் நட்டஈட்டுச் சட்டம் தவறு யாருடையது என வினவாது நட்டஈடு வழங்க வழிசெய்தது. ஆயினும், சாரக்கட்டு அமைத்துக் கட்டப்படும் கட்டடம் 30 அடிக்கு மேல் உயர்ந்ததாயிருத்தல் வேண்டுமென அது வரையறுத்தது. 1906ஆம் ஆண்டின் சட்டமே பெரும்பாலான தொழிலாளரை உள்ளடக்கியது.

தவறு மன்னிக்கப்பட்டபோதும் சண்டை மன்னிக்கப்படவில்லை. 1902இல் ஆர்மிற்றேஜ் வழக்கில், ஒருவன் சினங்கொண்டு இன்னொருவன் மீது எறிந்த இரும்புத்துண்டு சண்டையிற் சம்பந்தப்படாத மூன்றாமவனைத் தாக்கியது. அக்காயம் தொழிலினின்றும் எழுந்ததன்று எனத் தீர்ப்பாயிற்று. மாறாக, 1920இல் நியூயோர்க்கில் உடன்தொழிலாளர் எறிந்த அப்பிள் கண்ணிற்பட்டுப் பார்வை குன்றியவனுக்கு நட்டஈடு உறுதிசெய்யப்பட்டது. மனிதரை ஓரிடத்திற் கூட்டி வேலை வாங்கும்போது அவர்தம் குறைபாடுகளும் உடன்வரும் என்பதே நீதியரசர் கார்டோசோ கண்ட உண்மையாகும்.

இலங்கையின் 1934ஆம் ஆண்டு 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும், விபத்து தொழிலினின்றும் தொழில் நிகழுங்காலத்தும் எழுந்ததாதல் வேண்டும் என்கின்றது. பொது ஊழியக் கோட்பாடு இங்கிலாந்தில் 1948இல் ஒழிக்கப்பட்டது. எனினும், எக்காயம் தொழிலுக்குரியது, எது தனிப்பகைக்குரியது என்னும் வினா அதனோடு ஒழியவில்லை. அதற்கு விடை காண்போர், அம்மனிதரை ஒரே சாரக்கட்டில் ஏற்றியது தொழிலே என்பதை மறத்தலாகாது.