கபோதமும் முள்ளும்

சென்ற மாதம் தியாகராய நகரில் என் சிநேகிதர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். மூன்றாவது மாடி. காப்பி டம்ளரோடு ஜன்னலருகே நகர்ந்தவன் திடுக்கிட்டு நின்றேன். வெளியே ஸன்ஷேடின் மேல் விரல் நீள எஃகு ஊசிகள் வரிசை வரிசையாக நின்றன. பீஷ்மருக்குப் படுக்கை விரித்தது போல.

"திருடனுக்கா?" என்றேன்.

"புறாவுக்கு" என்றார் சிநேகிதர்.

இந்தக் காலத்து மனிதனுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று ஆரம்பிக்கலாமென்று வாயைத் திறந்தேன். ஆனால் சரித்திரம் குறுக்கே வந்து வாயை அடைத்துவிட்டது.

ஜெருசலேமில் ஏரோது மன்னன் புதுப்பித்துக் கட்டிய ஆலயம் பெரும் புகழ் பெற்றது. கி.பி. 70இல் ரோமானியப் படையின் கையில் அது அழிந்தது. அதைக் கண்ணால் கண்ட ஜோஸிபஸ் என்ற சரித்திராசிரியர், அதன் உச்சியில் கூரிய பொன் முட்கள் பதித்திருந்ததாக எழுதியிருக்கிறார். அலங்காரத்துக்காக அல்ல, பறவைகள் உட்கார்ந்து அசுத்தம் செய்யாமலிருப்பதற்காக! அதற்கும் முன்பு, கி.மு. 414இல், ஏதென்ஸ் நகரத்தில் அரிஸ்டோபனிஸ் 'பறவைகள்' என்ற ஹாஸ்ய நாடகத்தை மேடையேற்றினார். அதில் பறவைகள் நடுவர்களை மிரட்டுகின்றன: எங்களுக்குப் பரிசு தராவிட்டால், சிலைகளுக்கு வைப்பது போல உங்கள் தலையிலும் உலோகக் கவசம் வைத்துக்கொண்டு நடமாடுங்கள், இல்லையேல் வெள்ளை உடுப்பின் கதி அதோகதிதான் என்று. ஆக, சிநேகிதரின் ஊசிக்கு வயது இரண்டாயிரத்துக்கு மேல்.

நம் ஊர்க் கதை வேறு. மயிலாப்பூர் என்று பறவையின் பெயரிலேயே ஊர் வைத்தவர்கள் நாம். அம்பிகை மயிலாக வந்து பூஜித்தாள் என்பது ஸ்தல புராணம். கபாலீசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரம் 1906இல் எழுந்தது. ஏறக்குறைய 120 அடி உயரம். மாலை வேளையில் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து அண்ணாந்து பாருங்கள். சுதைப் பொம்மைகளின் தோளிலும் மடியிலும் புறாக்கள் இடம் பிடித்திருக்கும்.

அவற்றுக்கு அங்கே உரிமையும் உண்டு. தூண்களுக்கு மேலே வெளிப்புறமாக வளைந்து நீளுகிறதே ஒரு பகுதி, கொடுங்கை என்போம், அதற்குச் சிற்ப சாஸ்திரம் வைத்த பெயர் கபோதம். கபோதம் என்றால் புறா. அதன் மேல் குதிரை லாடம் போல் செதுக்கும் வளைவுக்குக் கூடு என்று பெயர். மாமல்லபுரத்து ரதங்களிலும் கபோதமும் கூடும் உண்டு. கட்டிடத்தின் உறுப்புகளுக்கே புறா என்றும் கூடு என்றும் பெயர் சூட்டியவர்களின் பேரன்மார் நாம்!

புறா உண்மையில் மலைப்பாறை இடுக்குகளில் வாழ்ந்த பறவை. மனிதன் கட்டிய மாடம் அதற்கு இன்னொரு பாறையாகத் தோன்றிவிட்டது. நெடுநல்வாடையில் நக்கீரர் ஒரு மாளிகைப் புறாவைக் காட்டுகிறார். வாடைக் குளிரில் பகல் எது, இரவு எது என்று தெரியாமல், இணையோடு இரை தேடவும் போகாமல், கால் மாற்றி மாற்றி நிற்கிறது அது. அதை ஓட்ட வேண்டுமென்று அவருக்குத் தோன்றவில்லை. புறாவுக்காகத் தன் சதையை அரிந்து கொடுத்த சிபியைத் தங்கள் முன்னோன் என்று சோழர்கள் கொண்டாடினார்கள்.

இதையெல்லாம் சிநேகிதரிடம் உற்சாகமாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு உள்ளறையைக் காட்டினார். அங்கே அவர் பேத்தி, ஆறு வயதுக் குழந்தை, தலையணையில் சாய்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். எச்சத்தின் தூசி காற்றில் கலந்து நெஞ்சுக்குள் போகிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"சிபி கொடுத்தது தன் சதையைத்தானே ஸார்? பேத்தியின் மூச்சை அல்லவே!" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை.

யோசித்துப் பார்த்தால் பிழை புறாவினுடையதுமல்ல. இந்தத் தியாகராய நகரே 1920களில் நீண்டு கிடந்த ஓர் ஏரியைத் தூர்த்து உண்டாக்கியது. நீர்ப்பறவையின் வீட்டை அன்று எடுத்துக்கொண்டோம். பிறகு ஓட்டு வீட்டையும் முற்றத்தையும் இடித்து அடுக்கு மாடி எழுப்பினோம். சிட்டுக்குருவிக்கு இடம் போயிற்று. புறாவுக்கு ஸன்ஷேடும் குளிர்சாதனப் பெட்டியின் தலையும் ஆயிரமாயிரமாகக் கிடைத்தன. பாறையைக் கட்டிக் கொடுத்துவிட்டு, ஏன் வந்தாய் என்று கேட்கிறோம்.

முள் மட்டும் முடிவான விடையா? பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் நகரத்து ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு மாக்பை, காக்கை இனம்தான், இந்த முட்களைப் பெயர்த்தெடுத்துக் கூடு கட்டிக்கொண்டது. சுமார் 1500 ஊசிகள்! தன் குஞ்சைக் காக்க முனைகளை வெளிப்புறம் திருப்பி வைத்திருந்ததாக 2023இல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். அதற்கும் தன் குழந்தைதான் கவலை.

புறப்படும்போது சிநேகிதரின் தாயார் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார். "புறாவுக்கு முள் வைத்தான், சரி. அமாவாசைக்கு வைத்த சோறு அப்படியே காய்கிறதே! உங்கப்பா எங்கே வந்து உட்காருவார்?"

சிநேகிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

போன வாரம் மறுபடி போனேன். குழந்தையின் அறைப் பக்கம் முள் அப்படியே இருந்தது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே மட்டும் ஒரு முழ நீளத்துக்குப் பெயர்த்தெடுத்திருந்தார்கள். அங்கே வாழையிலைத் துண்டில் ஒரு கவளம் சோறு. பக்கத்தில் ஒரு காக்கை.