சோழவரத்து ஓடுபாதையும் பெயர் எழுதப்படாத கைகளும்

சென்னையிலிருந்து கல்கத்தா நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் செங்குன்றத்தைக் கடந்தால் சோழவரம் வரும். தலைநகருக்குக் குடிநீர் வழங்கும் ஏரியால் பெயர் பெற்ற ஊர் அது. இரண்டாம் உலகப் போரின்போது அங்கே இராணுவத் தேவைக்காக விமான ஓடுபாதை ஒன்று அமைக்கப்பட்டது. போர் முடிந்தது, விமானங்கள் போயின, நீண்ட தரை மட்டும் வெயிலில் காய்ந்து கிடந்தது. தமிழகத்து மோட்டார் பந்தயத்தின் முதல் அத்தியாயம் அந்தத் தரையில்தான் எழுதப்பட்டது.

நீலகிரியின் அடிவாரமாகிய மேட்டுப்பாளையத்தில் வாழும் நமக்கும் சோழவரத்துக்கும் என்ன உறவு என்று வாசகர்கள் கேட்கலாம். உறவு உண்டு. அது கார் வைத்திருந்தவர்களின் வழியாக வந்த உறவன்று. காரைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்களின் வழியாக வந்த உறவு.

போர் விட்டுச் சென்ற தரை

1953ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பெற்றது. அதன் முயற்சியால் சோழவரத்து ஓடுபாதை பந்தயத் திடலாயிற்று. ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தை ஒட்டி நடைபெற்ற பந்தயத்தைக் காணப் பல்லாயிரம் மக்கள் திரண்டனர்.

போர்த் தரை பந்தயத் தரையானது நம் நாட்டில் மட்டும் நிகழ்ந்த புதுமையன்று. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன், போர்க்கால விமானத் தளமே. 1948இல் பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ பந்தயம் அங்கே நடந்தது. இலங்கையின் கட்டுக்குருந்தை ஓடுபாதையும் இவ்வாறே பந்தயத்துக்குப் பயன்பட்டது.

அமெரிக்காவில் 1948இல் நாஸ்கார் என்னும் அமைப்பு உருவாயிற்று. கடையில் விற்பனைக்கு வரும் மாதிரிக் கார்களைக் கொண்டு நடத்தும் 'ஸ்டாக் கார்' பந்தயத்துக்கு உரிய அமைப்பு அது. அப்பந்தயங்கள் பெரும்பாலும் வட்டப் பாதையில், ஒரே திசையில் வளைந்து வளைந்து ஓடுபவை. இடமும் வலமும் திரும்ப வேண்டிய சாலைப் பாதையில் அதன் தலைமைத் தொடரின் முதல் போட்டி 1954 ஜூன் 13 அன்று நடந்தது. இடம் எது தெரியுமா? நியூ ஜெர்சி மாநிலத்து லிண்டன் விமான நிலையம்! உள்நாட்டுக் கார்களின் ஆடுகளமாகிய அப்போட்டியில் ஆல் கெல்லர் என்பவர் இங்கிலாந்தின் ஜாகுவார் காரை ஓட்டி வென்றார்.

பட்டறையில் தொடங்கிய பந்தயம்

சோழவரத்திலும் சிற்றரசர்களும் செல்வர்களும் வெளிநாட்டுக் கார்களைக் கொண்டுவந்து ஓட்டியதுண்டு. விஜய் மல்லையா ஃபார்முலா ஒன் வகையைச் சேர்ந்த என்சைன் காரை அங்கே ஓட்டினார். ஆயினும் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த அந்நாளில் அந்த வசதி மிகச் சிலருக்கே வாய்த்தது. மற்றவர்களுக்குக் கிடைத்தவை மூன்றே வகைக் கார்கள்: கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் உருவான அம்பாசிடர், பம்பாயின் ஃபியட், சென்னையின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. திருமண வீட்டு வாசலிலும் மருத்துவரின் வீட்டு முன்றிலிலும் நின்ற அதே கார்கள்தாம்! புதுக் கார் வேண்டிப் பதிவு செய்தவர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது.

1,089 சி.சி. கொள்ளளவுள்ள ஃபியட் எஞ்சின், குடும்பத்தை ஏற்றிச் செல்வதற்கென்று அமைந்தது. அதைப் பந்தயத்துக்கு ஆயத்தம் செய்தவை பட்டறைக் கைகளே. சிலிண்டர் ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டுவார்கள். காற்றும் பெட்ரோலும் செல்லும் வழிகளை அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்து மெருகிடுவார்கள். கார்புரேட்டரை மாற்றுவார்கள், பின் இருக்கையையும் பம்பரையும் கழற்றி எடையைக் குறைப்பார்கள். கிடைக்காத பாகத்தை லேத்தில் கடைந்தெடுப்பார்கள். வழிகாட்ட நூலில்லை, காதே அளவுகோல், விரல் நுனியே கருவி.

வேகத்தைக் கூட்டுவது பாதி வேலைதான். நேர்ப்பாதையில் பாய்ந்து வந்த காரை வளைவுக்கு முன் அடக்க வேண்டுமே! அக்காலத்து ஃபியட்டிலும் அம்பாசிடரிலும் இருந்தவை டிரம் பிரேக்குகள். அடிக்கடி அழுத்தினால் சூடேறிப் பிடிப்பை இழக்கும் தன்மையுடையவை. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குச் சரக்கு லாரியை இறக்கிக் கொண்டுவரும் ஓட்டுநரும் அஞ்சியது இதே சூட்டைத்தான். மலையடிவாரத்துப் பட்டறைகளில் நாள்தோறும் பிரேக் லைனிங் மாற்றிய கைகள் அறிந்த பாடமும், சோழவரத்துப் பந்தயக் கார்களை ஆயத்தம் செய்த கைகள் அறிந்த பாடமும் ஒன்றே.

கோவை செய்த தொண்டு

கோவை மாவட்டத்துக்கு இக்கலை புதிதன்று. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கிய ஜி.டி. நாயுடு, தாமே எந்திரங்களைப் பிரித்துக் கற்றவர். நூற்பாலைகளுக்காகத் தோன்றிய வார்ப்படச் சாலைகளும் லேத் பட்டறைகளும் பம்பு மோட்டார்களைச் செய்தன. கார்களின் நோயையும் தீர்த்தன.

இந்த மண்ணிலிருந்து சோழவரத்துக்குச் சென்றவருள் தலையாயவர் எஸ். கரிவரதன். ஆலை முதலாளிகளின் குடும்பத்தில் பிறந்தும், கையில் மசகு படிய உழைக்கத் தயங்காதவர். 1983இன் இறுதியில் மாருதி 800 கார் வந்தபோது அதன் 796 சி.சி. எஞ்சினில் அவர் ஒரு வாய்ப்பைக் கண்டார். அதைப் பொருத்தி ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் குறைந்த செலவில் கோவையிலேயே உருவாக்கினார். 'ஃபார்முலா மாருதி' என்று அவை பெயர் பெற்றன. செல்வர்க்கே உரியதாக இருந்த பந்தயத்தின் கதவு மற்ற இளைஞர்க்கும் சற்றே திறந்தது. 1995இல் சிறு விமான விபத்தொன்றில் கரிவரதன் மறைந்தார். 2003இல் கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் அவர் பெயரால் பந்தயப் பாதை திறக்கப்பெற்றது.

ஃபார்முலா மாருதியில் தொடங்கிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரானார். 2010இல் அவர் அமெரிக்காவின் நாஸ்கார் டிரக் தொடரிலும் ஓட்டினார். இங்கே கடைக் காரைப் பந்தயக் காராக்கிய மரபில் வளர்ந்தவர், அம்மரபின் அமெரிக்கத் தாயகத்துக்கே சென்று வந்தார் எனலாம்.

சோழவரத்தில் புகழ் பெற்றவர்களுள் சென்னையைச் சேர்ந்த அக்பர் இப்ராஹிமும் ஒருவர். அவர் இளம் ஓட்டுநர் பலரைப் பயிற்றுவித்தார். இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்புக்குத் தலைவராகவும் இருந்தார். அவர் மகன் அர்மான் இப்ராஹிம் வெளிநாட்டுப் பந்தயங்களில் ஓட்டினார்.

எழுதப்பட வேண்டிய பெயர்கள்

1990இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே முறையான பாதை அமைந்தது. சோழவரத்தின் காலம் முடிந்தது. ஃபியட் காரின் உற்பத்தியும் நின்றது. 2014இல் அம்பாசிடரும் விடைபெற்றது.

ஓட்டியவர் பெயர் கோப்பையில் இருக்கிறது. உரிமையாளர் பெயர் செய்தித்தாளில் இருக்கிறது. ஹெட்டைச் சீவியவர், பிரேக்கைச் சரிசெய்தவர், பந்தயத்துக்கு முந்திய இரவு முழுதும் விளக்கொளியில் விழித்திருந்தவர் ஆகியோரின் பெயர்கள் எங்கே? கோப்பையில் பாதி அவர்களுடையது அன்றோ?

நம் குடும்பங்களிலும் பள்ளிப் படிப்பை நிறுத்திப் பட்டறைக்குச் சென்ற பிள்ளைகள் உண்டு. "படிப்பு ஏறவில்லை, மெக்கானிக் வேலைக்கு விட்டுவிட்டோம்" என்று தாழ்ந்த குரலில் சொல்கிறோம். கல்வியின் சிறப்பை நாம் குறைத்துக் கூறவில்லை. பிள்ளைகள் படிக்கத்தான் வேண்டும். ஆனால் ஏட்டில் இல்லாத ஓர் அறிவைக் கைகளில் தேக்கி வைத்திருப்பவரைக் கல்லாதவர் என்று ஒதுக்குவது நீதியாகுமா?

அந்த அறிவைப் பெற்ற முதியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். வீட்டுப் பிள்ளைகள் ஒரு குறிப்பேட்டுடன் அவர்கள் அருகில் அமரட்டும். எந்த ஆண்டு, எந்தக் கார், எந்தப் பாகத்தை எப்படிக் கடைந்தார்கள் என்று கேட்டு எழுதட்டும். சோழவரத்தின் வரலாற்றில் விடுபட்ட பக்கங்கள் அந்தக் குறிப்பேடுகளில்தான் நிரம்ப வேண்டும்.