தரங்கம்பாடியும் கோபன்ஹேகனும்

தஞ்சை இரகுநாத நாயக்கருடன் 1620-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பேரில் டேனியர் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினர். அதன் வரலாற்றை எழுதுவோர் சீகன்பால்குவையும் அச்சுக்கூடத்தையும் விரித்துரைத்துவிட்டு, 1808-இல் ஆங்கிலேயர் ஊரைக் கைப்பற்றியதை ஒரு வரியில் கடந்துவிடுவர். அந்த வரிக்குப் பின்னே இன்றும் தீராத ஒரு வழக்கு இருக்கிறது: பகைவன் கைக்கு ஆயுதம் சேருமுன்பே தாக்கலாமா?

1807 ஜூலையில் நெப்போலியனும் ரஷ்யப் பேரரசரும் டில்சிட்டில் உடன்பாடு கண்டனர். நடுநிலை வகித்த டென்மார்க்கின் கடற்படை அடுத்து நெப்போலியன் வசமாகும் என்று லண்டன் அஞ்சியது. போர் முடியும்வரை கப்பல்களை ஒப்படைக்கக் கேட்டது, டென்மார்க் மறுத்தது. செப்டம்பர் 2 முதல் 5 வரை கோபன்ஹேகன் நகரம் குண்டுவீச்சில் எரிந்தது. அங்கே பாய்ந்த காங்கிரீவ் ராக்கெட்டுகளுக்கு முன்மாதிரி திப்புவின் மைசூர் ராக்கெட்டுகள். தரைப்படைத் தளபதிகளில் ஒருவர், 1799 ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் அவற்றை எதிர்கொண்ட ஆர்தர் வெல்லெஸ்லி.

1808-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியினர் ஆதாரம் கேட்டனர். வெளியுறவு அமைச்சர் கேனிங் இரகசியத் தகவல் உண்டு என்றார். தந்தவர் யாரென்று சொல்லவில்லை. வாக்கெடுப்பில் அரசே வென்றது. ஆதாரம் முழுமையாகும்வரை காத்திருந்தால் கப்பல்கள் கைமாறியிருக்கும் என்ற வாதத்தை எளிதில் ஒதுக்கவும் இயலாது. ஆனால் கப்பல்களைப் பெற்ற பிரிட்டன் ஒரு பகைவனையும் பெற்றது. 1807 அக்டோபரிலேயே டென்மார்க் நெப்போலியனுடன் கூட்டுச் சேர்ந்திருந்தது. பகை 1814 வரை நீடித்தது.

வல்லரசுகள் மோதியபோதெல்லாம் நடுநிலைக் கொடியின் நிழலில் வணிகம் செய்து பிழைத்த ஊர் தரங்கம்பாடி. 1815-இல் அது திரும்பக் கிடைத்தபோது அந்த வணிகம் மீளவில்லை. 1845-இல் சேராம்பூருடன் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு விலைபோனது.

கப்பலும் அணுகுண்டும் ஒன்றல்ல. அச்சத்தின் அளவு வேறு. வாதத்தின் வடிவம் மட்டும் மாறவில்லை. 1981-இல் இஸ்ரேல் ஈராக்கின் ஒசிராக் அணு உலையைத் தகர்த்தது. அதன்பின்னரே சதாம் உசேன் இரகசிய ஆயுதத் திட்டத்தைத் தீவிரப்படுத்தினார் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். 2003-இல் பேரழிவு ஆயுதங்கள் உண்டென்று சொல்லி ஈராக்கினுள் புகுந்தனர். அவை அங்கே இல்லை. 2025 ஜூனில் ஈரானின் அணு நிலையங்கள் தாக்கப்பட்டபோதும் இதே கேள்விகள் எழுந்தன.

இந்தியாவும் பாகிஸ்தானும் 1988-இல், ஒன்றன் அணு நிலையங்களை மற்றது தாக்குவதில்லை என ஒப்பந்தம் செய்தன. 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று பட்டியல்களைப் பரிமாறிக்கொள்கின்றன. போர் மூண்ட 1999-க்குப் பின்னும் அது நிற்கவில்லை. தரங்கம்பாடிக்கு வடக்கே, இதே கடற்கரையில், கல்பாக்கம் அணு உலைகளின் அருகே வாழும் மக்களுக்கு அந்தப் பட்டியல் வெறும் காகிதமன்று.