எல்லையைச் சுற்றி வந்தவர்

அலோர் காஜா தோட்டத்துப் பிள்ளைக்குத் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடும். அப்புறம் இடைநிலைப்பள்ளி மலாயில். பல்கலைக்கழகத்தில் வெக்டர் நுண்கணிதம் எடுத்தால் பாடநூல் பெரும்பாலும் ஆங்கிலம். ‘இதெல்லாம் நமக்கு வருமா?’ என்ற பயம் அங்கேதான் பிடிக்கும்.

அந்தப் பாடத்தில் கிரீன் தேற்றம் என்று ஒன்று வரும். நிலத்துக்குள் காலே வைக்காமல், எல்லையைச் சுற்றி வந்தே பரப்பளவைச் சொல்லிவிடலாம். அந்தப் பெயருக்குரிய ஜார்ஜ் கிரீன், நாட்டிங்காமில் மாவு அரைத்தவர். பள்ளிக்குப் போனது ஏறக்குறைய ஓராண்டுதான். 1828இல் சந்தா சேர்த்துத் தன் கணிதக் கட்டுரையை அச்சிட்டார். நாற்பது வயதில்தான் கேம்பிரிட்ஜில் மாணவரானார். 1841இல் இறந்தார். 1845இல் வில்லியம் தாம்சன் அந்தக் கட்டுரையைத் தேடிப்பிடித்த பிறகே உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

கிரீனுக்கு வந்துச்சு. நிரை பிடித்துப் பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகளுக்கும் வரும். ஆனால் செத்து நாலு வருஷம் கழிச்சு யாராவது கண்டுபிடிக்கட்டும் என்று அவர்களை விட்டுவிடக் கூடாது.